நான் இரண்டு முறை வயதுக்கு வந்தேன்

எங்கள் வீட்டு ஆல்பத்தில் என் சடங்குப் புகைப்படங்கள் இன்னும் இருக்கின்றன. சிவப்புப் பட்டு, தலை கொள்ளாத பூ, தாய்மாமன் போட்ட மாலை. பார்க்கிறவர்கள், "முகத்துல என்ன வெட்கம் பாரு" என்பார்கள். வெட்கமாவது வெங்காயமாவது! கக்கூசுக்குப் போக விடாமல் நாற்காலியில் உட்கார்த்தி வைக்கப்பட்ட பிள்ளையின் முகம் அது.

அப்போது ஏழாம் வகுப்பு. சில வாரங்களாகவே வயிறு சரியில்லை. அடிவயிற்றைப் பிசையும். ஓடிப்போய் உட்கார்ந்தால் சளியும் ரத்தமுமாகக் கொஞ்சம் போகும். எழுந்து கை கழுவுவதற்குள் மறுபடி முட்டும். இதையெல்லாம் பள்ளிக்கூடத்தில் யாரிடம் போய்ச் சொல்வது? ஒரு நாள் வீடு வந்து சேர்வதற்குள் சுடிதாரில் பட்டுவிட்டது. வாசலில் அதைக் கண்டது அத்தை, அப்பாவின் அக்கா. பார்த்த மாத்திரத்தில் என்னைக் கட்டிப்பிடித்துக் குலவை போட்டாள். சங்கரன்கோவிலில் எங்கள் தெருவில் விடிந்தால் அடைந்தால் விசைத்தறிச் சத்தம்தான். அதையும் மீறி அந்தக் குலவை தெருக்கோடி வரை கேட்டது.

"அத்தை, அது இல்ல. வெளிக்குப் போற எடத்துல இருந்து வருது" என்றேன்.

"ஏட்டி, வாய மூடு. பொட்டப்பிள்ள பேசுத பேச்சா இது?"

அவ்வளவுதான். என் உடம்பில் எங்கிருந்து ரத்தம் வருகிறது என்று எனக்குத் தெரியாதாம், அவளுக்குத் தெரியுமாம். அப்பா, "பொம்பளைக சமாச்சாரம்" என்று சொல்லிவிட்டுத் தறிக்குப் போய்விட்டார். என்னை மூலை அறையில் தனியாக உட்கார வைத்தார்கள். தனித் தட்டு, தனிப் பாய். இடுப்புக்குப் பலம் என்று உளுந்தங்களி, அதன் மேல் குளம் கட்ட நல்லெண்ணெய், பின்னாலேயே பச்சை முட்டை. களி உள்ளே போகும், நான் வெளியே ஓடுவேன். அத்தைக்கு அதிலும் சந்தோஷம்தான்.

"நல்லா போகட்டும். கெட்ட ரத்தம்லா!"

அம்மாவிடம் போய் அழுதேன். துவைக்கிற கல்லில் என் துணியை அலசிக்கொண்டிருந்தாள். "நெசமாத்தான் சொல்லுதேன்மா, பின்னாலதான் வருது." அவள் நிமிரவில்லை. "மெதுவாப் பேசுட்டி. மாமாவுக்குச் சொல்லியாச்சு" என்று மட்டும் சொன்னாள். அம்மாவும் என்னை நம்பவில்லை என்று நினைத்து, மூலை அறைக்குப் போய்ச் சுவரைப் பார்த்து அழுதேன்.

சடங்கன்று மண்டபத்து வாசலில் என் படம் போட்ட ஃப்ளெக்ஸ் வைத்திருந்தார்கள். உள்ளே என்னை நாற்காலியில் இருத்தினார்கள். போகணும், போகணும் என்று அத்தையின் புடவையைப் பிடித்து இழுத்தேன். "சீர் முடியாம எந்திரிக்கக் கூடாது" என்று தோளை அமுக்கினாள். கோவில்பட்டியிலிருந்து தட்டும் தாம்பாளமுமாக வந்திருந்த மாமா மாலையைப் போடக் குனிந்தார். போட்டோக்காரர் சிரிக்கச் சொன்னார். சிரித்தேனா என்று தெரியாது, மாமாவின் நெஞ்சிலேயே சரிந்துவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் பெண் டாக்டர் என் கண்ணிமையை இழுத்துப் பார்த்தார். அத்தையை வெளியே போகச் சொல்லிவிட்டு என்னிடமே கேட்டார். அத்தையிடம் சொன்னதையே சொன்னேன். அவர் வாயை மூடு என்று சொல்லவில்லை. சோதித்துப் பார்த்துவிட்டு வெளியே வந்து, "யாரும்மா இந்தப் பிள்ளைக்குச் சடங்கு வச்சது? இது இன்னும் வயசுக்கே வரல" என்றார். அத்தை முதலில் செய்த காரியம், சொந்தக்காரர்கள் யாராவது பக்கத்தில் நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்ததுதான்.

எனக்கு ரத்தம் ஏற்றித் திருநெல்வேலிக்கு அனுப்பினார்கள். அங்கே மயக்க மருந்து கொடுத்து, பின்வழியாகக் கேமரா விட்டுப் பார்த்து, சதையைக் கிள்ளிப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என்றார் குடல் டாக்டர். பெருங்குடலின் உள்தோலில் புண். உடம்பின் காவலே தன் குடலைத் தாக்குகிறதாம். தின்றதாலோ தின்னாததாலோ வந்ததில்லை, அடக்கி வைக்கலாம், ரத்தம் நின்றுவிட்டது என்று மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது என்று பொறுமையாகச் சொன்னார். அத்தை காதில் நோயின் பெயரில் முதல் பாதி மட்டும்தான் விழுந்தது. "வேளாவேளைக்குத் தின்னா அல்சர் வருமா?" என்று ஊரெல்லாம் என் மேலேயே பழியைப் போட்டாள்.

வீக்கத்தை அடக்க ஸ்டீராய்டு கொடுத்தார்கள், பிறகு படிப்படியாகக் குறைத்தார்கள். அது வரைக்கும் என் முகம் பூசணிக்காயாக உப்பிக் கிடந்தது. "வயசுக்கு வந்ததும் பிள்ளைக்கு முகம் என்னமாப் பூரிச்சுட்டு!" என்றார்கள் தெருக்காரர்கள். வீட்டில் ஒருவர்கூட மறுக்கவில்லை. படுக்கும் முன் அம்மா என்னை இடப்பக்கமாக ஒருக்களிக்க வைத்துப் பின்வழியாக மருந்து ஏற்றுவாள். மருந்து இறங்கும் வரை தலையைக் கோதிக்கொண்டே இருப்பாள். அந்தக் கைக்காக எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டேன்.

மறு வருடம் ரத்தத்தைப் பார்த்ததும் நோய் திரும்பிவிட்டது என்று அலறினேன். அம்மா வந்து பார்த்தாள். கதவைச் சாத்தினாள். "சத்தம் போடாத. ஒனக்குத்தான் ஏற்கெனவே ஆயிட்டே" என்று நாப்கினைக் கையில் கொடுத்தாள். இந்த முறை குலவை இல்லை, களி இல்லை.

போன மாதம் மறுபடி நோய் முற்றி ஆஸ்பத்திரியில் கிடந்தேன். துணைக்கு இருந்த அம்மா, யாரும் கேட்காமலே சொன்னாள்: "எனக்கு அன்னைக்கே தெரியும்ட்டி. துணிய அலசும்போதே தெரிஞ்சிட்டு. அதுக்குள்ள எங்க அண்ணனுக்குச் சொல்லியாச்சு, ஊருக்குச் சொல்லியாச்சு. ஒங்க அத்தை முன்னால நான் என்னத்தச் சொல்ல?"

எனக்கு எழுந்து உட்காரக்கூடத் தெம்பில்லை. இருந்திருந்தால் என்ன செய்திருப்பேனோ தெரியாது. அம்மா நம்பவில்லை என்று சுவரைப் பார்த்து அழுத பிள்ளைக்கு ஒன்று தெரியவில்லை. அம்மா நம்பினாள். நம்பிக்கொண்டேதான் களியைக் கிண்டினாள்.