முனை ஒட்டாத பேண்டேஜ்

ராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் கம்பெனி. அங்கே ஐயாதுரைக்கு இருபத்திரண்டு வருச வேலை, மெஷினில் ஓடி வரும் துணியைச் சுருளாகச் சுத்துவது. எட்டாங்கிளாஸோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். ஆனால் துணியை எம்புட்டு இழுக்கணும், எங்கே விட்டுக்கொடுக்கணும் என்பது அவன் கைக்கு அத்துப்படி. சுத்திப் போட்டால் அவன் வேலை முடிந்தது. முனையை ஒட்டுவது அடுத்த மேசை.

அவன் குடும்பத்தில் ஒரு வழக்கம். எந்தப் பிள்ளையானாலும் ஆறு வயசில் மேடையேறி ஆடியாகணும், அதுவும் வீட்டில் இருக்கிற ஒரே ஜோடிச் சலங்கையைக் கட்டித்தான். அவன் அப்பா சுந்தரபாண்டியன் சின்னப் பையனாக இருந்தபோது அவருக்கு வாங்கியது. வளர்ற பிள்ளை என்று பெரிசாகவே வாங்கிவிட்டார்கள்.

இன்னொரு வழக்கமும் உண்டு, அதை வெளியே சொல்ல மாட்டார்கள். ஆடப் போன ஒருத்தரும் முழுசா ஆடி முடித்ததில்லை. அப்பா ஆடிய கரகம் தண்ணீரோடு தலைமையாசிரியர் மடியில் போய் உட்கார்ந்தது. அக்கா ஜெயசித்ரா கோலாட்டத்தில் பக்கத்துப் பிள்ளை விரலில் ஒரு போடு போட்டாள். அது அழுவதற்குள் இவள் அழுதுகொண்டு இறங்கிவிட்டாள். ஐயாதுரை மயில். பாதியில் வால் கழன்றது. வாலைத் தூக்கிக்கொண்டு ஓடியவன் பஸ் ஸ்டாண்டில் போய்த்தான் நின்றான்.

இப்போது அவன் மகள் ஸ்ரீப்ரியாவின் முறை. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் பள்ளி ஆண்டுவிழா. "நீங்களும் ஆடுனாத்தான் நானும் ஆடுவேன்" என்று அவள் பிடித்த பிடிவாதத்தில், ஒரு மாசமாக வீட்டில் அப்பனும் மகளும் சேர்ந்தே குதித்தார்கள். இவளாவது முழுசா ஆடி இறங்கணும். அந்த ஒரு நினைப்பில் ஒரு வாரமாக அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

மேடைக்குப் பின்னால் சலங்கையைக் கட்டிப் பார்த்தால், அந்தக் குச்சிக் காலில் அது நிற்கவே இல்லை.

"பேண்டேஜ் கம்பெனிக்காரன் முழிக்கிற முழியப் பாரு" என்றாள் அக்கா. "ரெண்டு சுருளச் சுத்தி அதுக்கு மேல கட்டுலே."

அவன் பையில் பேண்டேஜ் இல்லாத நாளே கிடையாது. சுருக்கமில்லாமல் அழகாகச் சுத்திச் சலங்கையைக் கட்டினான். முனையை மட்டும் அப்படியே விட்டுவிட்டான். இருபத்திரண்டு வருசப் பழக்கம்.

பாட்டு தொடங்கி ரெண்டாவது சுத்திலேயே வலது கால் துணி அவிழ்ந்தது. ஸ்ரீப்ரியா இடப்பக்கம் குதிக்க, அது வெள்ளை வாலாகப் பின்னாலேயே போனது. ஒரு முழம், மூணு முழம், ஆறு முழம். மேடை விளிம்பைத் தாண்டிக் கீழே தொங்கியது.

'அய்யோ, அதே வாலு!' முன் வரிசையில் உட்கார்ந்திருந்த ஐயாதுரை பாய்ந்துபோய் முனையைப் பிடித்துச் சுருட்ட ஆரம்பித்தான்.

"ஏங்க, வந்து உட்காருங்க!" என்று மனைவி பாண்டிசெல்வி கத்தினாள்.

இழுத்தால் பிள்ளை விழுவாள், விட்டால் துணி காலுக்குள் சிக்கும். ஆக அவள் இடப்பக்கம் குதித்தால் இவனும் இடப்பக்கம், அவள் சுத்தினால் இவனும் சுத்து. ஒரு மாசம் பழகிய ஆட்டம் தன்னால் வந்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தொந்தி குலுங்க, மேடைக்குக் கீழே முழு ஆட்டமும் ஆடினான்.

"யோவ், மறைக்காத!" என்றார் பின்னால் ஒருத்தர். செத்த நேரத்தில் அவரே, "மறைச்சாலும் பரவால்ல, ஆடுய்யா!" என்றார். மண்டபமே விசிலடித்தது.

கடைசிச் சுழலில் துணி ஸ்ரீப்ரியாவின் இடுப்பைச் சுத்திக்கொண்டது. ஆஸ்பத்திரியிலிருந்து தப்பி வந்தவள் மாதிரி நின்று, பல்லெல்லாம் தெரியச் சிரித்துக் கும்பிட்டாள். பாட்டு முடிந்தது.

இறங்கி வந்ததும் முதல் பேச்சே, "அப்பா, நாலாவது சுத்து நீங்க தப்பு."

"அதக் கெடாசு. முடிச்சுட்டியாம்மா?"

"முடிச்சிட்டேன்."

"நானுந்தான்" என்றான். மூச்சு வாங்கியது, சிரிப்பும் நிற்கவில்லை.

ஜெயசித்ரா ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்கு வயசு நாப்பத்தாறு.

"ஏட்டி, அந்தச் சலங்கையக் கழத்து. இப்பத்தான் என் காலுக்குச் சரியா இருக்கும்."

மண்டப வாசலில், ரெண்டு காலித் தண்ணி பாட்டிலைக் கையில் எடுத்துக்கொண்டு, கோலாட்டத்தை விட்ட இடத்திலிருந்து தொடங்கினாள். பக்கத்தில் நின்ற பாண்டிசெல்வி சட்டென்று விரல்களை மடக்கிக்கொண்டாள்.