பிறப்பிடம் வெறுமையாக இருந்த பக்கம்

பெருமாள் தாட்சாயினி. பிறப்பு 1995, தர்மபுரம். தந்தை பெருமாள், 1977 இனக்கலவரத்தின் பின் பதுளைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து வன்னிக்கு வந்து வயல் செய்தவர். 2021 மார்ச்சில் காலமானார். அதே ஆண்டில் தாட்சாயினி, உடன் படித்த சஜீவனுடன் சேர்ந்து, மரண அறிவித்தல்களை வெளியிடும் இணையத்தளம் ஒன்றைக் கிளிநொச்சியில் ஆரம்பித்தார். முதலாவது அறிவித்தல் பெருமாளுடையது.

தளத்தில் ஒவ்வொரு பக்கமும் தனியாக எழுதப்படுவதில்லை. பெயர், பிறப்பிடம், வதிவிடம், தோற்றம், மறைவு என்று வெற்றிடங்கள் விடப்பட்ட வார்ப்புரு ஒன்று உண்டு. வெளிநாட்டிலுள்ள உறவினர் ஒருவர் பக்கத்தைத் திறந்தால், வழங்கி எனப்படும் கணினி அந்த வெற்றிடங்களை நிரப்பி அனுப்பிவைக்கும். படங்களுக்கு அந்த வேலை இல்லை. அவை ஒரு கோப்புறையில் கிடக்கும். கேட்டால் கிடந்தபடியே போகும். ஒரு படத்தை மற்றொன்றிலிருந்து பிரித்தறிய, இறந்தவரின் பெயரையும் பிறப்பிடத்தையும் சேர்த்து அந்தப் படத்துக்குப் பெயராக வைக்கும்படி சஜீவன் அமைத்திருந்தார். அவருடைய குடும்பம் யாழ்ப்பாணத்துச் சங்கானையிலிருந்து வந்து குடியேறி இரண்டு தலைமுறையாகிவிட்டது. இன்றும் அவர்கள் வீட்டு அறிவித்தல் ஒன்று சங்கானையில்தான் தொடங்கும். பிறப்பிடத்தை எழுதாமல் விடும் குடும்பம் இருக்கக்கூடும் என்று அவர் எண்ணியதில்லை.

அந்த இடத்தை நிரப்பாவிட்டால் திரையில் சிவப்புக் கோடு விழும். முதல் வாரத்திலேயே தாட்சாயினி அதை எடுத்துவிடச் சொன்னார். காரணம் சொல்லவில்லை. பள்ளியில் ஒருத்தி, "உங்கட ஆக்கள் எந்தத் தோட்டம்?" என்று கேட்டதும், வகுப்பு திரும்பிப் பார்த்ததும் அவருக்கு மறக்கவில்லை. மலையகத்திலிருந்து வந்த குடும்பங்களின் அறிவித்தல்களில் பிறப்பிடத்தை அவர் வெறுமையாகவே விட்டுவந்தார். அதை மரியாதை என்று கருதினார். அவர்களில் ஒருவரிடமும் கேட்டதில்லை.

2025 ஆகஸ்ட் மாதம் தர்மபுரத்திலிருந்து பழனியாண்டி அவர்களுடைய கடைக்கு வந்தார். அவருடைய மனைவி மீனம்மா மூன்று ஆண்டுகளுக்கு முன் இறந்தபோது அறிவித்தல் போட்டவர் தாட்சாயினிதான்.

"தெவசம் வருது புள்ள. அவ படத்தப் பெருசா ஒண்ணு எடுத்துக் குடு. படம் புடிச்ச ஃபோன மகன் வாய்க்கால்ல போட்டுட்டான். ஒங்கிட்டதான் இருக்கு."

"ஓம் ஐயா, இருங்கோ."

பக்கம் திறந்தது. பெயர் சரி, திகதி சரி, பிள்ளைகளின் பெயர்களும் சரி. பழனியாண்டி திரையருகே குனிந்து பார்த்தார்.

"இது யாரு?"

தாட்சாயினிக்குக் கேள்வி விளங்கவில்லை.

"எம் பொஞ்சாதி கண்ணாடி போட்டதே கெடையாது. பஸ்ஸு போர்டே எங்கிட்டதான் கேப்பா. கண்ணாடிய வச்சு என்னத்தப் படிக்கப் போறா?"

அவர் சிரித்தார். தாட்சாயினி சிரிக்கவில்லை என்று கண்டதும் நிறுத்திக்கொண்டார்.

சஜீவன் வந்து பார்த்தார். 2025 பெப்ரவரியில் மல்லாவியிலிருந்து ஓர் அறிவித்தல் வந்திருந்தது. அவரும் பழனியாண்டி மீனம்மா. கணவரின் பெயர்கூட ஒன்று. அவருக்கும் பிறப்பிடம் வெறுமை. இரண்டு படங்களுக்கும் ஒரே பெயர் அமைந்ததால், பின்னால் வந்த படம் முன்னையதை அழித்துவிட்டு அதன் இடத்தில் இருந்துகொண்டது. ஆறு மாதமாக வழங்கி இரண்டு பக்கங்களுக்கும் மல்லாவி மீனம்மாவின் முகத்தையே அனுப்பிக்கொண்டிருந்தது.

"ஒரே பேர் வந்தா ஊர் பிரிச்சுக் காட்டும் எண்டுதான் அப்பிடி வச்சனான்," என்றார் சஜீவன். "சிவப்புக் கோட்டை எடு எண்டு நிண்டது ஆர்?"

தாட்சாயினி மல்லாவிப் பக்கத்தை மூடி, முதல் பக்கத்துக்குத் திரும்பினார்.

"ஊரு ஏன் வெறுமையா கெடக்கு?" என்று பழனியாண்டி கேட்டார். "நான் சொன்னேனே. வெள்ளிமலைத் தோட்டம், மேப்பிரிவு. நீ எழுதலன்னு ரெண்டாந் தரமும் சொன்னேன்."

"போடாட்டி நல்லம் எண்டு நினைச்சன் ஐயா."

"யாருக்கு நல்லம்?"

அதற்கு அவரிடம் விடை இருந்தது. அதைச் சஜீவன் முன்னால் சொல்ல முடியவில்லை.

"நீ பெருமாளு மகதானே," என்றார் பழனியாண்டி. குரலை உயர்த்தவில்லை. "ஒங்கப்பனும் நானும் ஒரே லொறியிலதான் வந்து எறங்கினோம். அவனுக்கு என்ன ஊரு போட்டிருக்க?"

தாட்சாயினி அந்தப் பக்கத்தைத் திறக்கவில்லை. கை விசைப்பலகையின் மேலேயே இருந்தது. சஜீவன் முன்பக்கம் போய், அங்கே செய்வதற்கு ஒன்றுமில்லாத ஒரு வேலையைத் தொடங்கினார்.

அழிந்த படத்துக்கு வேறு பிரதி இருக்கவில்லை. முகப்புப் பக்கத்துக்காகச் செய்யப்படும் சிறு படங்கள் மட்டும் வேறொரு கோப்புறையில் இருந்தன. அவற்றுக்கு அறிவித்தல் இலக்கத்தையே பெயராக வைப்பது வழக்கம். அதனால் அவை ஒன்றையொன்று அழித்துக்கொள்ளவில்லை. தாட்சாயினி இலக்கத்தைத் தேடித் திறந்தார். பெருவிரல் நகமளவில் மீனம்மா இருந்தார். சேலைத் தலைப்பு தோளில் சற்றுச் சரிந்திருந்தது.

"இவதான்."

தாட்சாயினி படத்தைப் பெரிதாக்கினார். முகம் சதுரம் சதுரமாக உடைந்தது. இன்னொரு முறை முயன்றார்.

"வேணாம் புள்ள. பெருசாக்க ஆக்கக் கலைஞ்சு போவுது. இருக்கிறபடி குடு."

"மன்னிச்சிருங்க மாமா." அது தாட்சாயினியின் வீட்டில் பேசும் மலையகப் பேச்சு. கடையில் அவர் அப்படிப் பேசிச் சஜீவன் கேட்டதில்லை.

அச்சிட்டு எடுத்த சிறு படத்தைப் பழனியாண்டி வாங்கினார். அதைச் சட்டைப்பையில் வைத்து, வியர்வை படாமல் கைக்குட்டையால் மூடிக்கொண்டு சைக்கிளை எடுத்தார்.

அன்று மாலையே இரண்டு பக்கங்களில் பிறப்பிடம் நிரப்பப்பட்டது. முதலாவது பெருமாளுடையது. இரண்டாவது பக்கம் இப்போது பின்வருமாறு உள்ளது.

பெயர்: பழனியாண்டி மீனம்மா. பிறப்பிடம்: வெள்ளிமலைத் தோட்டம், மேற்பிரிவு. வதிவிடம்: தர்மபுரம். படம்: அகலம் 90 புள்ளி, உயரம் 120 புள்ளி.