ரேணுகாம்பாள் இடித்த சுவர்

ரேணுகாம்பாள் கல்யாணமாகிப் பெரிய காஞ்சிபுரத்துக்கு வந்த முதல் ஐப்பசியிலேயே தறிக்குழியில் தவளை கத்தியது. தெரு பள்ளத்தில் இருந்தது. வேகவதி ஆற்றில் வெள்ளம் வந்தால், நெய்கிறவர்கள் கால் தொங்கவிடும் குழியெல்லாம் கிணறாகிவிடும். மழை விட்டதும் தெருக்கோடி வாய்க்கால் வழியாகத் தண்ணீர் வடிந்துவிடும். தரையை மெழுகிவிட்டு மறுபடி தறியில் உட்காருவார்கள். வருஷா வருஷம் நடப்பதுதான்.

அறுபதுகளின் நடுவில் அவளுடைய மூத்தார் பஞ்சாட்சரம் அந்த வாய்க்காலை மறித்துப் பட்டுக் கிடங்கு கட்டினார். தெருவுக்கே பாவும் ஊடையுமாகப் பட்டு நூல் கொடுத்து வேலை வாங்குகிறவர் அவர். அஸ்திவாரம் தோண்டியபோது எல்லோரும் வேடிக்கை பார்த்தார்கள். ரேணுகாம்பாள் மட்டும் போய்க் கேட்டாள்.

"தண்ணி எப்படி மாமா போவும்?"

"அடியில குழாய் வெச்சிருக்கேன்மா. நீ போய் உலையப் பாரு."

குழாய் முதல் மழையிலேயே அடைத்துக்கொண்டது. வந்த தண்ணீர் அப்படியே நின்றது. மண்சுவர்கள் ஊறிச் சரிந்தன. பக்கத்து வீட்டு மெஹதாப்பின் சின்ன மகள் வாந்திபேதியில் போய்விட்டாள். அடக்கம் முடிந்தபோதும் வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர். உட்கார்ந்து அழக்கூட இடமில்லாமல் மெஹதாப் சுவரோடு சாய்ந்து நின்றதை ரேணுகாம்பாள் பார்த்தாள்.

அடுத்த ஐப்பசியிலும் தண்ணீர் நின்றது. அவள் கணவன் தனசேகரன் அண்ணனிடம் பேச மறுத்தான். ஒரு மத்தியானம் ரேணுகாம்பாள் கடப்பாரையை எடுத்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் நடந்து போனாள். பின்னாலேயே மெஹதாப் வந்தாள். கடப்பாரையை ஒரு கை பிடித்தாள். கிடங்கின் இரண்டு பக்கச் சுவரிலும் ஆள் நுழையும் அளவு ஓட்டை விழுந்தது. தெருத் தண்ணீர் உள்ளே புகுந்து மறுபக்கம் பாய்ந்தது. பொழுது சாய்வதற்குள் தெரு வடிந்து, வீடு வீடாகப் பெண்கள் சேறு வழித்தார்கள். பஞ்சாட்சரத்தின் பட்டு நூலெல்லாம் சேறாகிக் கிடந்தது.

பஞ்சாயத்து கூடியது. யாரைக் கேட்டாலும் ஒன்றும் தெரியாது என்றார்கள். மெஹதாப்பையும் கேட்டார்கள்.

"நான் பாக்கலைங்க. வீட்ல இருந்தேன்."

பஞ்சாட்சரத்தின் நூலுக்குத்தான் அவள் புருஷன் சாயம் போட்டுக்கொண்டிருந்தான். ரேணுகாம்பாள் அவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "நான்தான் இடிச்சேன்" என்றாள்.

மெஹதாப் சொன்னதைவிட மறுநாள் கண்டதுதான் அவளுக்கு ஆறவில்லை. அவள் போட்ட ஓட்டையைத் தனசேகரனே செங்கல் சுமந்து அடைத்துக்கொண்டிருந்தான்.

"நீயுமா?"

"அண்ணன் பாவு குடுக்கலைன்னா நாம இன்னாத்தத் தின்றது?"

அன்றே திருப்புட்குழிக்கு, தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். அண்ணன் நிலத்தில் நாற்று நட்டாள், களை எடுத்தாள். குடும்பத்துக்கு ஆகாதவள் என்ற பேச்சு அங்கேயும் பின்னால் வந்தது.

எழுபதுகளில் சாலையை அகலப்படுத்தியபோது கிடங்கை இடித்தார்கள். பஞ்சாட்சரம் வேறிடத்தில் பெரிதாகக் கட்டிக்கொண்டார். வாய்க்கால் திறந்தது. அந்த மழைக்காலம் முடிந்ததும் தனசேகரன் வயலுக்கே வந்து வரப்பில் நின்றான். தலை நரைத்திருந்தது.

"இப்ப நல்லா வடியுது. வந்துடு."

"இடிச்சவங்களுக்குத் தெருவுல மாலை போட்டாங்களாமே?"

"ஆமா. மேஸ்திரிக்குப் போட்டோம்."

"நீயும் போட்டியா?"

அவள் குனிந்து, விட்ட இடத்திலிருந்து களையைப் பிடுங்கத் தொடங்கினாள். அவன் வரப்போடு நடந்து பஸ்ஸுக்குப் போனான்.

ரேணுகாம்பாள் அதற்குப் பிறகு பதினைந்து வருஷத்துக்கு மேல் உயிரோடிருந்தாள். பஸ்ஸில் அரைமணி தூரத்தில்தான் காஞ்சிபுரம். திருவிழாவுக்குக்கூட அந்தப் பக்கம் போகவில்லை.