புல்லுக்குள் ஓடும் நீல நூல்

"எங்க வெட்டினது? வேலியோரமா, உள்ள மாடு மேயற எடத்துலயா?" பையை அவிழ்ப்பதற்குள் நெலிதா கேட்டுவிடுகிறாள். அடுத்த கேள்வியை ஆய்வுக்கூடத்தில் வேறு யாரும் கேட்பதில்லை: "அதுல இப்ப மேயறது யாரோட மாடு?"

சலாதோ ஆற்றுச் சமவெளியின் பெஸ்தூகா என்னும் மேய்ச்சல் புல்லெல்லாம் சோதனைக்கு அவள் மேசைக்குத்தான் வரும். தண்டைப் பிளந்து, உள்தோலை உரித்து, சாயமிட்டு, நுண்ணோக்கியில் கண்ணை வைப்பாள். வெளியே பச்சைப்பசேலென்ற புல்லுக்குள் சாயமேறிய பூஞ்சை நீல நூலாக நெளிந்தோடும். "வந்துட்டியா, திருட்டுக் கழுத" என்று திட்டிக்கொண்டே சாறெடுத்து, மாட்டைக் கெடுக்கும் அதன் நஞ்சின் அளவைப் பார்ப்பாள். சுத்தமான புல் என்றால் பாட்டு வரும், சுருதிதான் சேராது.

அந்த இரண்டாவது கேள்வி தம்பி ஒஸ்வால்தோவால் வந்தது. ஓர் ஏப்ரலில், இலையுதிர்காலத்தில், அவன் தன் நிலத்திலிருந்து கொண்டுவந்த புல் முழுக்கப் பூஞ்சை.

"வெளிய சொல்லாதக்கா. குளிர்காலத்துக்கு நம்ம எச்சாரி அண்ணன் மாட்டை என் நெலத்துல மேய விடறதா வாடகை பேசி முடிச்சிட்டேன். அவர்கிட்ட பக்குவமா நானே சொல்லிக்கறேன்."

புல்லைக் கொண்டுவந்தவரிடம் மட்டுமே முடிவைச் சொல்லலாம் என்பது கூடத்தின் விதி. அன்று அந்த விதி அவளுக்கு வசதியாக இருந்தது. அவன் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

அங்கே ஜூலைதான் நடுக்குளிர்காலம். அந்த உறைபனியில் எச்சாரியின் பசுக்கள் பின்னங்கால் நொண்டின. வால்நுனி கருகி உதிர்ந்தது. சிலவற்றுக்குக் குளம்பே கழன்றது. எழமுடியாதவற்றை அவரே சுட்டார். அந்தப் புல்லில் ஒரு பிடியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

"ஒஸ்வால்தோ நெலத்துப் புல்லு. என்ன எழவுன்னு பாரும்மா."

நெலிதா கண்ணாடித் தகட்டைத் தொடவேயில்லை.

"பாக்க வேண்டாம் அண்ணே. ஏப்ரல்லயே எனக்குத் தெரியும்."

அவர் அந்தப் பிடிப் புல்லைத் திரும்பக் கையில் எடுத்துக்கொண்டார். "ஏப்ரல்ல சொல்லியிருந்தா ஓட்டிட்டுப் போயிருப்பேனே, நெலிதா."

கத்தவில்லை. கத்தியிருக்கலாம் என்று அவளுக்கு இன்றும் தோன்றும். கத்தியது தம்பிதான்: "கூடப் பொறந்தவனயே காட்டிக் குடுத்துட்டியே!" அதன்பின் அவள் வீட்டுப் பக்கம் அவன் வருவதில்லை.

எச்சாரி வருகிறார். இந்த வட்டாரத்தில் வேறு ஆய்வுக்கூடம் கிடையாது. போன வாரமும் புல்லோடு வந்தார். நெலிதா வெந்நீர் ஊற்றி, வந்தவர்களுக்குக் கொடுக்கும் மாத்தே என்ற மூலிகைத் தேநீரைக் கலந்து நீட்டினாள். ஒரு காலத்தில், போதும் என்று அவள் சொல்லும்வரை வாங்கிக் குடித்த மனிதர்.

"வயிறு சரியில்லம்மா. நான் வெளிய நிக்கறேன்" என்று தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

கதவு சாத்திய பிறகும் அவள் நீட்டிய கையை மடக்கவில்லை.