பொனோம் நுவெலுக்கு ஒரு வாழையிலை

நுவெல் பண்டிகையை, அதாவது கிறிஸ்துமஸை, எங்கள் வீட்டுக்குள் கொண்டுவந்தவள் நான்தான். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூட வாசலை மிதித்தவள் நான். எழுத்து, கணக்கு, பிரெஞ்சு இவற்றோடு அங்கிருந்து பொனோம் நுவெலையும் அழைத்து வந்தேன். சிவப்புச் சட்டையும் வெள்ளைத் தாடியுமாக, பண்டிகைக்கு முந்தின இரவில் யார் கண்ணிலும் படாமல் வந்து, பிள்ளைகளின் சப்பாத்துகளில் பரிசு வைத்துவிட்டுப் போகிற கிழவர். எங்கள் தீவில் டிசம்பர் என்றால் வெயில், லிச்சிப் பழம், வீதியெங்கும் உதிர்ந்து கிடக்கும் சிவந்த பூ. அவ்வளவு கனமான சட்டையில் அந்த ஆளுக்கு வேர்க்காதா என்று அம்மா கேட்பாள். பப்பா சிரிப்பார். நாங்கள் கோயிலுக்குப் போகிற குடும்பம். ஆனாலும் தங்கையும் தம்பியும் பிறந்த பிறகு ஒரு வருடம்கூட பொனோம் நுவெல் வராமல் இருந்ததில்லை. அவர் வருவதற்கு நான் பொறுப்பு. அதில் எனக்குப் பெருமை உண்டு, மறைக்கமாட்டேன்.

எங்கள் ஊரான பீனிக்ஸ் மேட்டு நிலம். பகல் எப்படிக் காய்ந்தாலும் மாலையானால் தூறல் பிடித்துக்கொள்ளும். பப்பா பஸ் கண்டக்டர். வேலை முடிந்து வந்ததும் அவர் செய்கிற முதல் காரியம், வாசற்பக்கம் கிடக்கும் எங்கள் சப்பாத்துகளைச் சாரல் படாதபடி காலாலேயே தள்ளிக்கொண்டுபோய் முன்னறைக்குள், பக்கவாட்டு ஜன்னலடியில், வரிசையாக நிறுத்துவதுதான். முனை சுவரைப் பார்த்திருக்கும். யாரும் அவரிடம் அதைச் செய்யச் சொன்னதில்லை.

சுதந்திரம் வேண்டும், வேண்டாம் என்று பஸ்களுக்குள் ஆட்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்த வருடம் அது. ஆடி மாதத்தில் பப்பா காய்ச்சலில் போய்விட்டார். தம்பிக்கு அப்போது ஐந்து வயது. அவன் அழவில்லை. அதற்குப் பதிலாக, எதையும் எதிர்பார்ப்பதை விட்டுவிட்டான். மிட்டாய் கேட்கமாட்டான், பஸ் சத்தம் கேட்டால் வாசலுக்கு ஓடமாட்டான். நான் அந்த வருடம்தான் பள்ளியில் பாடம் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்திருந்தேன். தம்பி வயதுப் பிள்ளைகள் நாள் முழுவதும் ஏதாவது ஒன்றுக்காகக் காத்துக்கொண்டே இருப்பதைப் பார்ப்பேன். வீட்டுக்கு வந்தால் இவன் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். இந்த நுவெலாவது அவனுக்கு வரவேண்டும் என்று முடிவு செய்தேன்.

அம்மா ஒப்பவில்லை. துக்க வீடு, ஒரு வருடத்துக்குப் பண்டிகை கிடையாது.

"தீபாவளிக்கு ஒரு விளக்கு ஏத்தல. இதுக்கு மட்டும் என்ன?"

"தீபாவளி நம்மளதும்மா. நுவெல் நம்மளது இல்லையே. நம்மளது இல்லாததுக்குத் தீட்டு எப்படி வரும்?"

"நம்மளது இல்லன்னா அந்த ஆளு எதுக்கு நம்ம வீட்டுக்கு வர்றான்?"

படித்தவளான நான் பேச்சை விட்டுவிட்டு, பரிசுகளை வாங்கிவந்து கோழிக்கூட்டுக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன். அதற்குமேல் அம்மா தடுக்கவில்லை.

கெடுத்தது தங்கை. அவளுக்கு ஒன்பது வயது, நாக்கு அதைவிட மூத்தது. பண்டிகைக்கு முந்தின நாள் மத்தியானம் லிச்சி உரித்துக்கொண்டே சொன்னாள்:

"அயோ, சாவு வீட்டுக்குச் சிவப்புச் சட்டை போட்டுக்கிட்டு எவனாவது வருவானா? தெருவுல கல்லால அடிப்பாங்க."

"அப்ப பப்பா வந்த மாதிரி வருவாரு" என்றான் தம்பி.

"பப்பா எப்படா வந்தாரு?" என்றேன் நான்.

"இலை போட்டமே, அன்னிக்கு. கதவ மூடிட்டு வெளிய நின்னமே. ரெண்டு பேரும் அங்கேர்ந்துதானே வர்றாங்க? ரெண்டு பேருமே கண்ணுக்குத் தெரியமாட்டாங்க."

தங்கை வாயில் லிச்சிக் கொட்டையோடு அப்படியே இருந்தாள். செத்தவர்களுக்குப் படையல் வைத்தால், அவர்கள் வந்து சாப்பிடட்டும் என்று கதவைச் சாத்திவிட்டு வெளியே நிற்பது எங்கள் வழக்கம். உள்ளே போகுமுன் செருமி, கதவைத் தட்டவேண்டும். அவர்கள் எழுந்து போக அவகாசம் தரவேண்டும். காரியத்தன்று தம்பி அதையெல்லாம் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறான். அவன் கணக்கில் நுவெலும் படையலும் ஒன்றாகிவிட்டன.

பொழுது சாயும் நேரத்தில் அவனே போய் ஒரு வாழையிலை நறுக்கிவந்து முன்னறையில் விரித்தான். அடுப்படியிலிருந்து கத்தோ பிமா, அதாவது பப்பாவுக்குப் பிடித்த காரப் பருப்பு வடை, கொஞ்சம் லிச்சி, பால் விடாத தேநீர் எல்லாம் கொண்டுவந்து வைத்தான். தன் சப்பாத்தையும் தங்கையின் சப்பாத்தையும் கதவோரம் வைத்தான். அம்மா வந்து நின்று பார்த்தாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். இலை தப்பாகக் கிடந்தது. அம்மா குனிந்து, நுனியை எந்தப் பக்கம் வைக்கவேண்டுமோ அந்தப் பக்கம் திருப்பிவிட்டு, விளக்கேற்றினாள். எல்லோரும் வெளியே வந்தோம். தம்பி கதவைச் சாத்தினான்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பரிசுகள் இன்னும் கோழிக்கூட்டுக்குப் பின்னால் இருந்தன. விடியற்காலையில் எல்லோரும் தூங்கும்போது வைப்பதுதான் என் வழக்கம். இன்றைக்கு அவன் கதவைத் திறந்து பார்த்து ஒன்றும் இல்லையென்றால், பொனோம் நுவெல் மட்டும் பொய்யாகப் போவதில்லை. பப்பாவும் வரவில்லை என்றாகிவிடும்.

தலை வலிக்கிறது, முகம் கழுவிவருகிறேன் என்று சொல்லிவிட்டுப் பின்பக்கம் போனேன். பின்கதவு கிறீச்சிடும், அது ஆகாது. முன்னறையின் பக்கவாட்டு ஜன்னலுக்கு வெளியே சேற்றில் சத்தம் வராமலிருக்க என் சப்பாத்துகளைக் கழற்றிவைத்தேன். தூறல் விழ ஆரம்பித்திருந்தது. ஜன்னலின் மரக்கதவு இடுக்கில் விளக்கு தெரிந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சுடர் ஒரு பக்கமாகப் படுத்து, மெதுவாக எழுந்து நின்றது, பக்கத்தில் யாரோ கடந்துபோனால் நடக்குமே, அப்படி. காற்று இல்லை. ஜன்னலைக் கொஞ்சம் நீக்கி, தங்கையின் ரிப்பன் பொட்டலத்தை உள்ளே போட்டேன். பிறகு தகர பஸ் பொம்மையை, கை எட்டுகிற மட்டும் இறக்கிவிட்டுக் கையை எடுத்தேன். கீழே பலகைத் தரை. தகரம் விழுந்தால் தெருவுக்கே கேட்கும். நான் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். கூரையில் தூறல் விழும் சத்தத்தைத் தவிர எதுவும் கேட்கவில்லை.

குழாயடிக்குப் போய்க் கால்களைக் கழுவிக்கொண்டு, வெறுங்காலோடு முன்வாசலுக்கு வந்தேன். அம்மா பிள்ளைகளுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். செருமினாள். கதவைத் தட்டினாள்.

"இன்னும் கொஞ்சம் தட்டும்மா" என்றான் தம்பி. "கை கழுவட்டும்."

திறந்தோம். இலையில் வைத்தது வைத்தபடி இருந்தது. "ஒண்ணும் தின்னல" என்றாள் தங்கை, கொஞ்சம் வெற்றியோடு. தம்பி இலையைப் பார்க்கவில்லை. ஜன்னலடியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கதவோரம் வைத்த சப்பாத்துகள் அங்கே இருந்தன, முனை சுவரைப் பார்த்தபடி. தங்கையுடையதில் ரிப்பன் பொட்டலம். தம்பியுடையதில் பஸ். மூன்றாவதாக, வரிசை பிசகாமல், நான் வெளியே கழற்றிவைத்த என் சப்பாத்துகள். என்னுடையவை காலியாக இருந்தன.

தம்பி பஸ்ஸை எடுத்து மோந்து பார்த்தான். "அக்காவுக்கு ஒண்ணும் வைக்கல" என்றான்.

"அக்கா டீச்சர். டீச்சருக்கெல்லாம் வைக்கமாட்டாங்க" என்றாள் தங்கை. அவள் குரல் இறங்கியிருந்தது.

அம்மா என் அருகில் வந்து, மெதுவாக, "நீயா இப்படி வரிசையா வெச்ச?" என்று கேட்டாள்.

"ஆமாம்மா" என்றேன்.

பின்கதவு வழியாக அம்மாவே வந்து அப்படி நிறுத்தியிருக்கலாம். நான் குழாயடியில் நின்ற நேரத்தில் அவள் எங்கே இருந்தாள் என்று எனக்குத் தெரியாது. ஆனால் பின்கதவு கிறீச்சிட்டிருந்தால் எனக்குக் கேட்டிருக்கும். கேட்டிருக்கும் என்றுதான் நினைக்கிறேன். அம்மா இடத்தைவிட்டு நகர்ந்தாளா என்று, அன்றைக்கு முன்னால் நின்ற பிள்ளைகளிடம் ஒரு வார்த்தை கேட்டால் தெரிந்துவிடும். நான் கேட்டதில்லை.

அன்றிரவு தம்பி இரண்டு தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். மறுநாள் பஸ் சத்தம் கேட்டு வாசலுக்கு ஓடினான். அதற்கடுத்த நுவெலுக்கு, லிச்சி காய்ப்பதற்கு முன்பே நாள் எண்ணத் தொடங்கினான். இப்போது வளர்ந்துவிட்டான். பொனோம் நுவெலின் தாடியைப் பஞ்சில் செய்வார்கள் என்று பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு அவனே சொல்கிறான், நான் அவனை அதட்டுகிறேன்.

நான் பள்ளியிலிருந்து வரும்போது சில நாட்கள் வீட்டில் யாரும் இருப்பதில்லை. என்னிடம் சாவி இருக்கிறது. ஆனாலும் செருமிவிட்டு, கதவைத் தட்டி, கொஞ்சம் நின்ற பிறகே திறக்கிறேன். தூறல் பிடித்த மாலைகளில் என் சப்பாத்துகளை வாசலிலேயே, சாரல் படும் இடத்தில், கழற்றிப் போட்டுவிடுகிறேன். காலையில் அவை போட்ட இடத்திலேயே நனைந்து கிடக்கின்றன.