மௌனத்தை ஓம் என்று எழுத விடாதவர்

ஒரு வெள்ளிக்கிழமைக் காலையில், முந்திய கூட்டத்தின் குறிப்புகளைத் திருத்திக்கொண்டிருந்தபோதுதான் மரணச் செய்தி வந்தது. என் மனைவி நஸீமா கைப்பேசியைப் பிடித்தபடி அறைக்குள் வந்து, "மருதமுனை ஹினாயா மாமி மௌத்தாம்" என்றாள். பள்ளிவாசல் ஒலிபெருக்கி அறிவித்தலை யாரோ பதிவுசெய்து அனுப்பியிருந்தார்கள். மர்ஹூம் மீராலெவ்வை மரைக்காரின் மகளும், மர்ஹூம் ஆதம்பாவா மாஸ்டரின் மனைவியுமான என்று தொடங்கி, கடைசியாகத்தான் அவருடைய பெயர் வந்தது. இன்னாலில்லாஹி சொல்லிவிட்டு அந்தப் பதிவை இன்னொரு தடவை கேட்டேன். யாருடைய பெயர் எந்த இடத்தில் வருகிறது என்று கவனிப்பது, கூட்டக் குறிப்பு எழுதிப் பிழைக்கிறவனுக்குத் தொழிலோடு ஒட்டிக்கொண்ட வியாதி.

ஹினாயா மெடத்தை உங்களில் பலர் மாதர் சங்கத் தலைவியாக அறிவீர்கள். நாவிதன்வெளிப் பக்கத்துத் தமிழ்ப் பெண்களையும் நம் கரையோர முஸ்லிம் பெண்களையும் ஒரே பாயில் உட்காரவைத்து, இரு பக்கமும் வாய் வலிக்குமட்டும் கதைக்கவைத்தவர் என்று அறிவீர்கள். நான் அவரை அறிந்தது வேறோர் இடத்தில். பல நாட்டு அரசாங்கங்கள் சேர்ந்து நடத்தும் நிலையம் ஒன்று கடல் கடந்த ஊரொன்றில் இருக்கிறது. உலக மக்களிடையே தோழமையையும், பண்பாடு வேறுபட்டவர்களுக்கிடையே உரையாடலையும் வளர்ப்பது அதன் வேலை. அதன் ஆட்சிச் சபையில் அரசாங்கப் பிரதிநிதிகள் உண்டு, நாடாளுமன்றப் பிரதிநிதிகள் உண்டு. கிராம அமைப்புகளுக்கென்று இருப்பது ஒரே ஓர் இருக்கை. அது நாட்டுக்கு நாடு சுழலும். ஒரு தவணை இலங்கைக்கு, நம் கிழக்குக் கரைக்கு வந்தது, மெடம் போய் உட்கார்ந்தார். சபையின் குறிப்பாளன் சாய்ந்தமருதுக்காரனாகிய நான் என்பது தற்செயல்.

அவரை எனக்கு எப்போதும் பிடித்திருந்தது என்று சொன்னால் பொய். கூட்டத்துக்கு வரும்போதெல்லாம் பெட்டிக்குள் மாசிச் சம்பல் டின் ஒன்று வரும். விடுதித் தாழ்வாரம் முழுக்க மணக்கும். தூதுவர்களின் பெயர்களைத் துணிந்து பிழையாக உச்சரிப்பார், திருத்தினால், "அவருக்கு விளங்கிற்றுத்தானே, உங்களுக்கு என்ன?" என்பார். தனியே இருக்கும்போது அக்கா முறையில் நான் ராத்தா என்றும், சபையில் மெடம் என்றும் கூப்பிடுவேன். அவருக்கு நான் இரண்டு இடத்திலும் தம்பிதான்.

அவருடைய முதல் கூட்டம் நன்றாக நினைவிருக்கிறது. தலைவர் ஒரு தீர்மானத்தை வாசித்தார், "ஆட்சேபனை உண்டா?" என்று மேசையைப் பார்த்தே கேட்டார், மரச்சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினார். தீர்மானம் நிறைவேறிவிட்டது. மெடம் கையைத் தூக்கினார். அவர் தமிழில் பேசினார், மொழிபெயர்ப்பவர் தொடர்ந்தார்.

"இப்ப ஆரு ஓம் எண்டு சொன்ன?"

எதிர்ப்பு வரவில்லை, ஆகவே எல்லோரும் ஓம், அதாவது சம்மதம் என்றே பொருள் என்று தலைவர் பொறுமையாக விளக்கினார்.

"எங்கட ஊர்ப் பள்ளிவாசல்ல ஒவ்வொரு குடிக்கும் ஒரு மரைக்கார். என்ட வாப்பாவும் மரைக்காராத்தான் இருந்தார். ஒரு முடிவு எடுக்கிறெண்டா குடியின்ட பேரச் சொல்லிக் கூப்பிடுவாங்க. அந்தக் குடி மரைக்கார் வாயத் துறந்து ஓம் எண்டு சொல்லணும். ஒராள் சும்மா இரிந்தா ஒண்டும் முடியாது, அவர் சொல்லுமட்டும் காத்துக்கு இரிக்கணும். பேர் சொல்லிக் கூப்பிடுங்க சேர். கூப்பிட்டா மனிசன் பதில் சொல்லுவான்."

சிலர் சிரித்தார்கள். ஒரு தூதுவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஆனாலும் மரியாதைக்காக அன்று பெயர் பெயராகக் கூப்பிட்டோம், பகல் சாப்பாடு ஆறிப்போனது. அந்தப் பள்ளிவாசல் சபையில் பெண்களை யார் கூப்பிட்டார்கள் என்று மாலையில் தேநீர் குடிக்கும்போது சீண்டினேன். "அதுதான் தம்பி இஞ்ச வந்திரிக்கன்" என்றார். நான் அதைப் பகிடியாக எடுத்துக்கொண்டேன்.

அந்த நாளிலிருந்து கூட்டங்கள் நீண்டன. மெடம் இருக்கும் மேசையில் யாரும் மேசையைப் பார்த்துக்கொண்டு சம்மதிக்க முடியாது. முகம் பார்த்து, பெயர் சொல்லி, பதில் வாங்க வேண்டும். பெரிய நாடுகளுக்கு இது அலுத்தது. சிறிய நாடுகளின் பிரதிநிதிகள் சிலர் இடைவேளையில் அவரைத் தேடி வந்து பேசத் தொடங்கினார்கள். எனக்கோ குறிப்பு எழுதி எழுதி விரல் வலித்தது, அவ்வளவுதான் அப்போது என் கவலை.

இனி என் பிழையைச் சொல்ல வேண்டும். இந்த அஞ்சலியை நான் எழுதுவதே அதற்காகத்தான்.

கூட்டங்களுக்கு இடைப்பட்ட காலத்தில் சபை கடிதம் மூலம் முடிவெடுக்கும். முன்மொழிவை எல்லோருக்கும் அனுப்புவோம். குறித்த நாளுக்குள் யாரும் மறுத்து எழுதாவிட்டால் அது நிறைவேறிவிடும். ஒருவர் மறுத்தாலும் போதும், முன்மொழிவு நின்றுவிடும். இதை மௌன முறை என்போம். அப்படி ஒரு முன்மொழிவு வந்தது. சபை பெருத்துவிட்டது, வேலைகள் சுணங்குகின்றன, ஆகவே கிராம அமைப்புகளின் இருக்கையை எடுத்துவிடலாம் என்றிருந்தது. எழுதியவர்கள் ஹினாயா மெடத்தின் பெயரைச் சொல்லவில்லை, சொல்லவும் தேவையிருக்கவில்லை. அவருடைய தவணை முடியச் சில மாதங்கள்தான் இருந்தன. போகவிருந்தது அவருக்கு அடுத்து வேறெங்கோ ஒரு நாட்டுக் கிராமத்திலிருந்து வரவேண்டிய ஆளின் இடம்.

சரியாக அந்த நேரத்தில் ஆதம்பாவா மாஸ்டர் மௌத்தாகி, மெடம் இத்தாவில் இருந்தார். கணவனை இழந்த பெண் நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டோடு இருக்கும் காலம் அது. நான் அப்போது சாய்ந்தமருதில் வீட்டிலிருந்தே வேலை செய்துகொண்டிருந்தேன். வேறு நாட்டுக் குறிப்பாளன் என்றால் யோசிக்காமல் கடிதத்தை அனுப்பியிருப்பான். நான் நம் ஊரில் வளர்ந்தவன். இத்தாவில் இருக்கும் பெண்ணை அந்நிய ஆண் ஒருவன் அலுவலகக் கதைக்காகத் தொந்தரவு செய்வதா என்று என் கை பின்வாங்கியது. அவருக்குக் கடிதம் அனுப்பவில்லை. மறுத்து எழுதக் குறித்த நாள் கடந்தது. பட்டியலில் அவர் பெயருக்கு நேரே, மற்றவர்களுக்கு எழுதியது போலவே, "ஆட்சேபனை இல்லை" என்று எழுதினேன். மரியாதை செய்ததாகவே அப்போது நினைத்தேன்.

செய்தி அவருக்கு வேறு யார் வழியாகவோ போய்விட்டது. நஸீமாவைக் கூட்டிக்கொண்டு வரும்படி ஆள் அனுப்பினார். மருதமுனை வீட்டில் நான் முன்னறையில் உட்கார்ந்தேன், இடையில் ஒரு கதவுச் சீலை. நஸீமா உள்ளே போய் அவர் பக்கத்தில் இருந்தாள்.

"தம்பி, நான் இத்தாவில இரிக்கன். என்ட வாயும் இத்தாவிலயா?" என்று சீலைக்குப் பின்னாலிருந்து கேட்டார்.

நான் மன்னிப்புக் கேட்டேன். தொந்தரவு செய்யக் கூடாது என்றுதான் நினைத்தேன் என்றேன்.

"நல்லதுக்குத்தான் செஞ்சிருக்கிங்க, அது எனக்குத் தெரியும். என்ட வாப்பாவும் நல்லதுக்குத்தான் செஞ்சார். எங்கட கலியாணத்தில காவின் பதிவுப் புத்தகத்தில அவர்தான் கையெழுத்து வெச்சார். என்ட கையெழுத்து அதில இல்ல. மௌத்தான மனிசன் தங்கமான மனிசன், அதில குறை சொல்ல ஏலாது. வாப்பா கேட்டிரிந்தா நான் ஓம் எண்டுதான் சொல்லியிருப்பன். ஆனா ஒருத்தரும் கேக்கல்ல தம்பி. நாப்பது வருசம் சந்தோசமா வாழ்ந்தும் அது மட்டும் மறக்கல்ல."

உள்ளே நஸீமா மூக்கை உறிஞ்சுவது கேட்டது. என்ன செய்யச் சொல்கிறீர்கள் ராத்தா என்றேன்.

"இருக்கைய எடுக்கிறெண்டா எடுக்கட்டும். என்ட பேருக்கு நேர உண்மைய எழுதுங்க. கேக்கல்ல எண்டு எழுதுங்க."

வாசலில் செருப்பைப் போடும்போது நஸீமா தாழ்ந்த குரலில், "எழுதினா உங்கட வேலை போயிருமே" என்றாள். மெடத்துக்கும் அது தெரிந்துதான் இருந்தது. அவர் வற்புறுத்தவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. எழுதுவதும் எழுதாமல் விடுவதும் என் பாடு என்று விட்டுவிட்டார். சீலைக்கு அந்தப் பக்கம் இருந்த முகத்தைப் பார்த்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

இரண்டு நாள் இழுத்தடித்தேன். மூன்றாம் நாள் தலைவருக்கு எழுதினேன்: இந்த உறுப்பினரிடம் கேட்கப்படவில்லை, பிழை என்னுடையது. தலைவர் தொலைபேசியில் வந்து, அவரிடம் இப்போது கேட்டு ஒரு சம்மதம் வாங்கிப் பழைய தேதியைப் போட முடியாதா என்று மெல்ல விசாரித்தார். முடியாது என்றேன். எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. முன்மொழிவு அடுத்த கூட்டத்துக்குத் திரும்பி வந்தது.

அதற்குள் இத்தா முடிந்திருந்தது. மெடம் மருதமுனை வீட்டிலிருந்தே திரையில் தோன்றினார், வெள்ளை முக்காடு, பின்னால் ஒரு நாட்காட்டி. அதிகம் பேசவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிடும்படி மட்டும் கேட்டார். கூப்பிட்டேன். கடிதத்தில் மௌனமாக இருந்தவர்களில் சிலர் உரத்து ஓம் என்றார்கள், அவர்கள் உண்மையில் அதைத்தான் விரும்பினார்கள். ஒரு சிறிய நாட்டின் பிரதிநிதி எழுந்து, "எங்கள் தலைநகரிலிருந்து பதில் வரவில்லை, அதனால்தான் எழுதாமல் இருந்தோம், எங்களுக்கு இதில் சம்மதம் இல்லை" என்றார். அவருக்குப் பின் இன்னொருவர் அதையே சொன்னார். கடைசியில் மெடத்தின் பெயர். "இல்ல" என்றார் தெளிவாக. இருக்கை தப்பியது. பதில் எழுதாதவர் பெயருக்கு நேரே இனிமேல் "பதில் இல்லை" என்றே எழுத வேண்டும், அதைச் சம்மதமாக எண்ணக் கூடாது என்றும் அன்று முடிவாயிற்று. கூட்டம் முடிந்ததும் மெடம் என்னைத் தொலைபேசியில் தனியே அழைத்து, "மெத்தச் சுணங்கிப் போச்சு, போய்ச் சாப்பிடுங்க" என்றார். பாராட்டு என்று அவர் வாயிலிருந்து எனக்குக் கிடைத்தது அவ்வளவுதான்.

ஜனாஸா அடக்கத்துக்குப் போனேன். சந்தூக்குப் பெட்டியைச் சுமந்த தோள்களில் என்னுடையதும் ஒன்று. நாவிதன்வெளிப் பெண்கள் வேனில் வந்து, மருதமுனைப் பெண்களோடு முற்றத்தில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். வெயில் கடுமையாக இருந்தது. அழ வேண்டும் போல இருந்தும் எனக்கு அங்கே அழுகை வரவில்லை.

அடுத்த வாரம் சபை கூடியது. அவருடைய தவணை இன்னும் முடியவில்லை, அந்த இருக்கைக்குப் புதியவரும் வரவில்லை. அனுதாபத் தீர்மானம் முதலில் வந்தது. இப்படியான தீர்மானத்தை எழுந்து நின்று, ஒரு நிமிடம் மௌனமாக இருந்து நிறைவேற்றுவது வழக்கம். தலைவர் எழுந்தார், எல்லோரும் எழுந்தார்கள். நான் குறிப்பாளன், சபையில் வாய் திறக்க எனக்கு உரிமை இல்லை. இருந்தும் கையைத் தூக்கினேன்.

"பெயர் சொல்லிக் கூப்பிடலாமா?" என்றேன்.

தலைவர் என்னைப் பார்த்தார், பிறகு தலையசைத்தார். ஒவ்வொரு பெயராக வாசித்தேன். ஒவ்வொருவரும் நின்றபடியே அவரவர் மொழியில் ஓம் என்றார்கள். முதல் கூட்டத்தில் கைக்கடிகாரம் பார்த்த தூதுவரின் குரல் தடுமாறியது. பட்டியலில் கடைசிப் பெயரை இன்னும் யாரும் நீக்கவில்லை. அதையும் அப்படியே வாசித்தேன்: கிராம அமைப்புகளின் பிரதிநிதி, சித்தி ஹினாயா.

அவரிடமிருந்து என்னிடம் மீந்திருப்பது இந்தப் பழக்கம் ஒன்றுதான். ஒரு பெயரைச் சொன்னால், அந்த ஆள் வாய் திறக்குமட்டும் பேனாவைத் தாளில் வைக்காமல் தூக்கிப் பிடித்திருப்பது. அன்றும் அப்படியே பிடித்திருந்தேன், வழக்கத்தைவிடக் கூடுதலான நேரம். எனக்குக் கண் நிறைந்துவிட்டது, தாள் சரியாகத் தெரியவில்லை. அந்த வரியில் ஓம் என்று எழுத மனம் அடித்துக்கொண்டது. பிறகு, உண்மையை எழுதும்படி அவர் கேட்டிருந்த மாதிரியே, "பதில் இல்லை" என்று எழுதினேன்.