சனிக்கிழமை வந்த கப்பல்

ஏடனில் இறங்குகிறவர்கள் தலைக்கு ஒரு துண்டு இல்லாமல் இறங்கக் கூடாது. போர்ட் சயீத் துறைமுகத்தில் படகில் வந்து சாமான் விற்கிறவனைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது. சிரித்தால் எதையாவது வாங்கியாக வேண்டும். கொழும்பில் கரையேறியதும் யாராவது 'நானும் தமிழ்தான்' என்று தோளில் கை போட்டால், அன்பாகப் பேசிக்கொண்டே பெட்டியை இரண்டு காலுக்கும் நடுவில் வைத்துக்கொள்ள வேண்டும். பினாங்கு மலை ரயிலில் முன்பக்கம்தான் உட்கார வேண்டும்.

இப்படி நான் புத்தி சொல்லிக் கப்பலேற்றிய பிரயாணிகள் ஏராளம். ஐம்பதுகளின் கடைசியில் சிராங்கூன் ரோட்டில் ஒரு கப்பல் டிக்கெட் கடையில் எழுத்தராக இருந்தேன். டிக்கெட் வாங்க வந்தவர்கள் முதலில் முதலாளியிடம் பணத்தைக் கொடுத்துவிட்டு, பிறகு பின்கட்டில் தட்டச்சு இயந்திரத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்த என்னிடம் வந்து துறைமுகங்களைப் பற்றி விசாரிப்பார்கள். நானும் சொல்வேன். அந்த ஊர்களை நான் பார்த்திருக்கிறேனா என்று யாரும் கேட்டதில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்வது எனக்கு அகம்பாவமாகப் பட்டது.

நான் கடல் கடந்தது ஜொகூர் பாலத்தில், பஸ்ஸில். கப்பலில் ஏறியது உறவினர்களை வழியனுப்ப மட்டும். அதிலும் கயிற்றால் கட்டிப் போட்டிருந்த கப்பலிலேயே எனக்குக் குமட்டும். வழியனுப்ப வந்த கூட்டத்தில் வாந்தி எடுத்த ஒரே ஆள் என்ற பெருமை எங்கள் குடும்பத்தில் எனக்குத்தான் உண்டு.

என் ஞானத்துக்கு ஊற்று மூன்று. கப்பல் கம்பெனிக்காரர்கள் கடையில் வைத்துவிட்டுப் போகும் வண்ணப் பிரசுரங்கள், பழைய புத்தகக் கடையில் வாங்கிய பிரயாண நூல்கள், போய்விட்டுத் திரும்பி வந்தவர்களின் வாய். ஒருவர் சொன்னதை அடுத்தவருக்குச் சொல்லும்போது 'சொல்கிறார்கள்' என்பேன். அதற்கும் அடுத்தவருக்குச் சொல்லும்போது அந்தச் சொல் தானாக உதிர்ந்துவிடும். ஏடன் வழியாக லண்டன் போய்வந்த ஒருவர் கடைக்கு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி சொன்ன மாதிரியே இருந்துச்சு லா. நீங்க எப்பப் போனீங்க அங்க?"

"அதெல்லாம் ஆச்சுங்க," என்றேன். என்ன ஆயிற்று என்று அவர் கேட்கவில்லை.

அறுபதுகள் பிறந்ததும் முதலாளிக்கு ஒரு யோசனை தோன்றியது. வழியில் ஒரு பகல் நம் துறைமுகத்தில் நின்று போகிற பெரிய கப்பல்களில் இந்தியப் பிரயாணிகளும் வருகிறார்கள். அவர்களை இறக்கி, ஊரைச் சுற்றிக் காட்டி, மாலையில் திரும்ப ஏற்றிவிட்டால் என்ன? அதற்குத் தமிழும் இங்கிலீஷும் பேசுகிற ஒரு வழிகாட்டி வேண்டும். ஜன்னல் இல்லாத பின்கட்டில் பிரயாணிகள் பட்டியலைத் தட்டிக்கொண்டிருந்த எனக்கு, வெளிக்காற்றில் சம்பளம் வாங்கலாம் என்ற நினைப்பே போதையாக இருந்தது. அந்த வேலை எனக்கு வேண்டும். வாழ்க்கையில் நான் எதற்கும் அப்படி ஆசைப்பட்டதில்லை.

இடைஞ்சல் ஒன்றுதான். முதலாளியின் மனைவிக்கு ஒரு தம்பி மகன் இருந்தான். ஊரைப் பற்றி அவனுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் கறுப்புக் கண்ணாடி வைத்திருந்தான். வழிகாட்டி என்றால் அப்படித்தான் இருப்பான் என்று அந்த அம்மாள் நம்பினார்.

முதலாளி நியாயஸ்தர். என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "சனிக்கிழமை பம்பாய்க் கப்பல் வருது. அதுல ஒரு பெரியவரும் அவர் வீட்டம்மாவும் ஜப்பான்ல மகனைப் பார்க்கப் போறாங்க. ரிட்டயர் ஆன இன்ஜினியர். பம்பாய் ஏஜென்ட்டுக்கு வேண்டியவரு. அவர் நல்லபடியா சொன்னா ஒவ்வொரு கப்பல்லயும் நமக்கு ஆள் வரும். நீ கூட்டிட்டுப் போ. அவர் முகம் சுளிக்காம அஞ்சு மணிக்குள்ள கப்பல் ஏறிட்டார்னா வேலை உனக்கு."

"சுளிச்சார்னா?"

"கூலிங்கிளாஸுக்கு."

பிறந்து வளர்ந்த ஊர்தான் என்றாலும், அந்த வாரம் முழுவதும் சிங்கப்பூரைப் பாடமாகப் படித்தேன். துறைமுகத்தின் ஆழம் முதல் பூமலையில் உள்ள மரங்களின் பெயர் வரை மனப்பாடம். பூமலை என்பது தாவரத் தோட்டத்துக்கு நம்மவர் வைத்த பெயர். சனிக்கிழமை காலையில் கஞ்சி போட்டுத் தேய்த்த வெள்ளைச் சட்டை காகிதம் மாதிரி சத்தமிட, துறைமுகத்தில் நின்றேன்.

கப்பல் படியில் முதலில் பெரியவர் இறங்கினார். உயரமான மனிதர். தலைமுடி நாலாபக்கமும் சிலிர்த்து நின்றது. பின்னால் அவர் மனைவி, கையில் பை, காலில் புதுச் செருப்பு, கண்ணில் ஆவல். நான் கும்பிட்டுவிட்டு ஆரம்பித்தேன்.

"உலகத்தின் பெரிய துறைமுகங்களில் ஒன்றான இந்த..."

"அது இருக்கட்டும் தம்பி. இன்னைக்கு என்ன கிழமை?"

"சனிக்கிழமைங்க ஐயா."

அவர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். "நான் சொல்லலை?"

அந்த அம்மாள் கண்ணை மூடிக்கொண்டார்.

"கப்பல் ஏறினதுலேருந்து உப்புத் தண்ணிக் குளியல், தம்பி. தலையைத் தொட்டுப் பாருங்க, பிரஷ் மாதிரி இருக்கு. வேலையில இருந்த காலத்துல அணைக்கட்டு உடைஞ்ச அன்னைக்குக்கூட சனிக்கிழமை எண்ணெய்க் குளியலை நான் விட்டதில்ல. போன சனிக்கிழமை நடுக்கடல்ல போச்சு. இதுவும் போச்சுன்னா எனக்கு ஜப்பானும் வேணாம் ஒண்ணும் வேணாம்."

"பூமலைக்குப் போவோம் ஐயா. அங்க குரங்கெல்லாம் கைக்கு வந்து கடலை வாங்கிச் சாப்பிடும்."

"முதுகுல எண்ணெய் தேய்ச்சு விடுமா?"

நான் படித்த எந்தப் புத்தகத்திலும் இதற்குப் பதில் இல்லை. உலகத் துறைமுகங்களில் எங்கே எது கிடைக்கும் என்று ஊருக்கெல்லாம் சொன்னவனுக்கு, சொந்த ஊரில் ஒரு மனிதனுக்கு எண்ணெய்க் குளியல் எங்கே கிடைக்கும் என்று தெரியவில்லை. ஹோட்டலில் கேட்டால் அடிக்க வருவார்கள். சுளிப்பு அவர் புருவத்தில் புறப்பட்டு மூக்கை நோக்கி வருவதைப் பார்த்தேன். அப்போதுதான் அக்காவின் வீடு நினைவுக்கு வந்தது.

அக்கா ஜாலான் புசாரில், ஓர் இரும்புச் சாமான் கடைக்குப் பின்னால் குடியிருந்தாள். நானும் அங்கேதான் ஒண்டியிருந்தேன். அந்த வீட்டின் ஒரே ஆடம்பரம் குளியலறையில் இருந்த பெரிய சிமெண்டுத் தொட்டி. சனிக்கிழமை என்றால் அத்தானுக்காக நல்லெண்ணெயில் மிளகும் சீரகமும் போட்டுக் காய்ச்சி வைத்திருப்பாள். அன்று அத்தான் துறைமுகத்தில் கூடுதல் வேலைக்குப் போய்விட்டார். எண்ணெய் ஆளில்லாமல் காத்திருந்தது.

டாக்ஸியிலிருந்து நாங்கள் இறங்குவதை அக்கா வாசலிலேயே பார்த்துவிட்டாள்.

"என்னடா, ஊரைக் காட்டப் போறேன்னு சட்டையெல்லாம் தேய்ச்சுப் போட்டுட்டுப் போனே. நம்ம வீட்டையா காட்டப் போறே?"

விஷயத்தைச் சொன்னேன். அவள் பெரியவரின் தலையை ஒரு முறை பார்த்தாள். அதற்குப் பிறகு அவர் பிரயாணி அல்ல, நோயாளி. "உள்ள வாங்க ஐயா. ரெண்டு வாரம் எண்ணெய் காணாத தலையா இது? கண்ணெல்லாம் எப்படி எரியும் பாவம். டேய், சட்டையைக் கழட்டு."

"நான் எதுக்கு?"

"முதுகு அவருக்கு எட்டுமா? நீதானே கைடு?"

வழிகாட்டியாக நான் முதன்முதலில் சுற்றி வந்தது ஒரு முதுகு. பெரியவர் அத்தானுடைய பழைய கைலியைக் கட்டிக்கொண்டு மணையில் உட்கார்ந்தார். அக்கா சமையலறையிலிருந்து உத்தரவு போட, நான் தேய்த்தேன். அவர் வாயிலிருந்து வந்த 'அப்பாடா' பம்பாயில் புறப்பட்டது என்று நினைக்கிறேன்.

கையைக் கழுவிவிட்டுக் கூடத்துக்கு வந்தால், அந்த அம்மாள் செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றிருந்தார்.

"தம்பி, இவர் ஊறி, குளிச்சு, சாப்பிட்டு முடிக்க ரொம்ப நேரம் ஆகுமே?"

"மத்தியானம் ஆயிடும்மா."

"அப்போ நாம ரெண்டு பேரும் ஊரைப் பார்த்துட்டு வந்துடலாம், என்ன?" கேள்வி மாதிரி சொன்னாரே தவிர, பாதி உடம்பு, காத்திருந்த டாக்ஸிக்குள் இருந்தது.

எண்ணெய் தேய்த்துக் குளித்தவர் பகலில் தூங்கக் கூடாது, வெயிலில் போகக் கூடாது, தயிர் தொடக் கூடாது. வெயிலும் தயிரும் இருக்கட்டும், தூங்க மட்டும் விடாதே என்று அக்காவிடம் சொன்னேன்.

"நான் பக்கத்துல உட்கார்ந்து பேசினா யாருடா தூங்க முடியும்?" என்றாள். அனுபவத்தில் எனக்கும் அது சரியாகவே பட்டது.

பூமலையில் மரங்களின் பெயர்களைத் தொடங்கினேன். நான்காவது மரத்தில் அந்த அம்மாள் நிறுத்தினார். "தம்பி, கப்பல்ல கொடுத்த புத்தகத்துல இதெல்லாம் படிச்சுட்டேன். கொஞ்ச நேரம் சும்மா இருங்களேன்."

சும்மா இருந்தேன். அவர் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, குரங்கு ஒன்று தன் குட்டிக்குப் பேன் பார்ப்பதை முழுவதும் பார்த்தார். தேக்கா சந்தையில் ரம்புத்தான் பழத்தை வாங்கி, அதன் முடியைத் தடவித் தடவிச் சிரித்தார். ஒரு சீனக் கிழவர் காகிதத்தில் தூரிகையால் எழுதுவதை, அவர் எழுதி முடித்துக் காயவைக்கும் வரை நின்று பார்த்தார். பிறகு நடைபாதை ஸ்டூலில் உட்கார்ந்து, சிவப்பும் பச்சையுமாகப் பாகு ஊற்றிய ஐஸ் கச்சாங்கைக் கரண்டி கரண்டியாக ரசித்துச் சாப்பிட்டார். "இவரோட வந்தா எதுலயும் நிக்க விடமாட்டார் தம்பி. தாஜ்மகாலை நான் நடந்துக்கிட்டேதான் பார்த்தேன்," என்றார்.

நான் மனப்பாடம் செய்த எதையும் அவர் என்னிடம் கேட்கவில்லை. வேலை கைநழுவுகிறது என்று எனக்கு உள்ளூர உதைத்தது.

திரும்பி வந்தபோது பெரியவர் பாயில் மல்லாந்து கிடந்தார். குறட்டையில் சுவர்க் காலண்டர் ஆடியது.

"அக்கா."

"கண்ணை மட்டும் மூடிக்கிறேன்னாருடா."

"நீ பேசலையா?"

"நிறுத்தவே இல்ல. எங்க மாமியா கதை பூராவும் சொன்னேன். தாலாட்டுன்னு நெனச்சுட்டாரு போல."

தட்டி எழுப்பினோம். எழுந்து உட்கார்ந்தவர் ஜன்னலைப் பார்த்துவிட்டுத் திரும்பப் படுத்தார். "வெயில் தாழட்டும். எண்ணெய் தேய்ச்ச தலையோட வெயில்ல போனா ஜுரம் வரும்."

"ஐயா, கப்பல் அஞ்சு மணிக்கு..."

"கப்பலுக்கு ஜுரம் வராது, தம்பி."

நான் ஆண்டவனை வேண்டினேன். வேண்டும்போது விவரமாக வேண்ட வேண்டும் என்று அன்றுதான் கற்றேன். வானம் இருண்டு, வெயில் போய், மழை கொட்டியது.

"மழையா?" என்றார் பெரியவர் திகிலுடன். "எண்ணெய்த் தலையோட மழையிலயா? ஜன்னியே வந்துடும். போனா போகட்டும் கப்பல். இந்த ஊரே நல்லாத்தான் இருக்கு."

"நீங்க எதைப் பார்த்தீங்க இந்த ஊர்ல?" என்றார் மனைவி.

"தொட்டியை."

கறுப்புக் கண்ணாடி போட்ட ஒருவன் என் நாற்காலியில் கால் மேல் கால் போட்டு உட்கார்வது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. அந்த அம்மாள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, குரலைக் கொஞ்சமும் உயர்த்தாமல் சொன்னார்:

"சரி, நீங்க இருங்க. நான் மட்டும் ஜப்பான் போயிட்டு வந்துடறேன். இன்னைக்குப் பூரா நீங்க இல்லாமத்தான் சுத்தினேன். நல்லாவே இருந்துச்சு."

பெரியவர் எழுந்த வேகத்தில் பாய் சுருண்டுகொண்டது.

அக்கா அவர் தலையில் துண்டைச் சுற்றி, அத்தானின் மழைக்கோட்டை மாட்டி, அதற்கு மேல் குடையும் பிடித்து, கடைகளுக்கு முன்னால் கூரை போட்டிருந்த ஐந்தடி நடைபாதை வழியாக டாக்ஸிவரை கொண்டுவந்து சேர்த்தாள்.

துறைமுகத்தில் முதலாளி நின்றிருந்தார். பக்கத்தில் அந்தப் பையன், கொட்டும் மழையிலும் கறுப்புக் கண்ணாடியோடு. டாக்ஸியிலிருந்து, முண்டாசும் மழைக்கோட்டும் சீயக்காய் வாசனையுமாக, முதலாளியின் எதிர்கால வியாபாரம் இறங்கியது. முதலாளி என்னைப் பார்த்தார். நான் கடலைப் பார்த்தேன்.

"ஊர் எப்படிங்க ஐயா இருந்துச்சு?" என்று கேட்டார் முதலாளி.

"அற்புதம். இந்த மாதிரி ஓர் ஊரை நான் பார்த்ததே இல்ல," என்றார் பெரியவர். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

"என்னென்ன பார்த்தீங்க?"

பெரியவர் வாயைத் திறப்பதற்குள் அந்த அம்மாள் முன்னால் வந்தார். "எல்லாம் பார்த்தாச்சுங்க. ஊரைக் காட்ட யார் வேணாலும் காட்டலாம். ரிட்டயர் ஆன நாள்லேருந்து இவரை ஒரு பகல் என்கிட்டேருந்து பிரிச்சு உட்கார வெச்ச ஆள் யாரும் இல்ல. இந்தத் தம்பிதான் செஞ்சார். பம்பாய்க்கு எழுதும்போது இதையும் எழுதுவேன்."

முதலாளிக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் பம்பாய் என்ற சொல் புரிந்தது. பெரியவர் முகத்தில் சுளிப்பு இல்லை என்பதை அருகில் போய்ப் பார்த்து உறுதி செய்துகொண்டார். திங்கட்கிழமை தட்டச்சு இயந்திரத்தின் முன்னால் அந்தப் பையன் உட்கார்ந்தான். பின்கட்டு இருட்டில் கண்ணாடியைக் கழற்ற வேண்டியிருந்தது.

அந்தப் பெரியவர் கப்பலில் ஜப்பான்வரைக்கும் என்ன பேசிக்கொண்டு போனார் என்பது எனக்குச் சில மாதம் கழித்துத்தான் தெரிந்தது. இன்னொரு பம்பாய்க் கப்பல் வந்தது. கப்பல் படியில் ஒருவர் இறங்கினார். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, காகிதத்தில் சுற்றியிருந்த ஒரு சீசாவை நீட்டினார். நல்லெண்ணெய்.

"தொட்டி வீட்டுத் தம்பி நீங்கதானே? இன்னைக்கு சனிக்கிழமைதானே?"

ஆமாம் என்று சொல்லிவிட்டு, அவருடைய மனைவியை வரவேற்கத் திரும்பினேன். அந்த அம்மாள் ஏற்கெனவே டாக்ஸிக்குள் உட்கார்ந்திருந்தார்.